வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் வெளியே போய்விட்டது, என் மீது நடவடிக்கை வருமா?

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். ஒரு நோயாளியின் ஆறாத கால் புண்ணைப் படமெடுத்து, மூத்த மருத்துவரின் கருத்துக்காக எங்கள் வார்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முகம் இல்லை. ஆனால் ஓரத்தில் கேஸ் ஷீட்டும் அதில் பெயரும் தெரிகின்றன. அந்தப் படம் இப்போது அவருடைய உறவினர் கையில். எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: வரலாம். ஆனால் நீங்கள் மூத்தவரிடம் கருத்துக் கேட்டது தவறே இல்லை. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களே மருத்துவர்கள் தங்களுக்குள் ஆலோசிப்பதையும், அதற்கு வாட்ஸ்அப் போன்ற செயலிகளைப் பயன்படுத்துவதையும் அனுமதிக்கின்றன. சிக்கல், பெயரோடு சேர்த்துப் படமெடுத்ததிலும் சிகிச்சையில் தொடர்பில்லாதவர்களும் இருக்கும் குழுவில் போட்டதிலும்தான்.

மருத்துவக் கவுன்சிலின் 2002 நன்னடத்தை விதிகளில் 7.14-ஐப் படியுங்கள். தொழில்வழி தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவை மட்டும் விலக்கு. மனநல சிகிச்சை என்றால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவும் (நோயாளியின் ரகசியம் காக்கப்படும் உரிமை) சேரும்.

“செயலி என்க்ரிப்ட் செய்கிறதே” என்று பலர் சொல்கிறார்கள். என்க்ரிப்ட் செய்வது, அதாவது பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்புவது, படம் போகும் வழியைத்தான் காக்கும். சேர்ந்த பிறகு படம் ஒவ்வொருவர் கேலரியிலும் தானாக இறங்கலாம், அங்கிருந்து கிளவுட் பேக்கப்புக்கும் போகலாம், வீட்டில் பிள்ளைகள் அந்தப் போனை எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் செயலி பொறுப்பேற்காது. முகத்தை மறைத்தால் போதும் என்பதும் சரியில்லை: பச்சை குத்தியது, பழைய தழும்பு, கட்டில் எண், இவற்றில் ஒன்று போதும் ஆளைக் கண்டுபிடிக்க.

இன்றே துறைத் தலைவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பயத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், உங்கள் நோக்கம் சிகிச்சைதான் என்பதற்கு அதுவே சாட்சி; முதலில் நகல் எடுத்து நிர்வாகத்திடம் கொடுங்கள். அப்புறம் குழுவில் உள்ளவர்களைப் படத்தை நீக்கச் சொல்லி, நீக்கியதாகப் பதிலும் வாங்குங்கள். கிடைத்த கருத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

நோயாளியிடம் நீங்களும் துறைத் தலைவரும் சேர்ந்து நேரில் நடந்ததைச் சொல்லுங்கள். அவர் அதைத் தன் உறவினர் வாயிலாகக் கேட்பது மிகவும் வேதனையானது. வக்கீல் நோட்டீஸ் வந்தால் தனியாகப் பதில் எழுதாமல், மருத்துவமனையின் சட்ட ஆலோசகரோடு சேர்ந்தே எழுதுங்கள்.