பாடும் வாத்துகள், ஓநாய் வாத்தியார்

கேள்வி: என் மகள் பாந்த்ராவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவில் இருக்கிறாள். அவளுடைய ஆசிரியை ஒரு பழைய இசை ஏட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வாத்துகள் கூட்டமாக நின்று பாடுகின்றன, ஓநாய் சொல்லிக்கொடுக்கிறது. வழிபாட்டுப் புத்தகத்தில் இப்படியா கேலி செய்வார்கள்? யாரும் தடுக்கவில்லையா?
- ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: எனக்கு ரொம்பப் பிடித்த படம் அது! அந்தப் படத்தாலேயே ‘வாத்துப் புத்தகம்’ என்று பெயர் வாங்கிய ஏடு. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் புனித லாரன்ஸ் ஆலயத்துக்காக 1503 முதல் 1510 வரை தயாரானது, திருப்பலிப் பாடல்கள், இரண்டு பாகம், 1,120 பக்கம். இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. உயரமே இரண்டடிக்கு மேல், ஏனென்றால் ஆளுக்கொரு பிரதி கிடையாது, ஒரே புத்தகத்தை வைத்துக் குழு முழுவதும் சேர்ந்து நின்று பார்த்துப் பாட வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், வாத்துகள் முன்னாலும் அதே மாதிரி ஒரு பெரிய பாட்டுப் புத்தகம் விரிந்திருக்கும். பாட நின்றவர்கள் அந்தப் பக்கத்தில் பார்த்தது தங்களைத்தான். அப்புறம் படத்தில் ஓநாய் தவிர ஒரு நரியும் இருக்கிறது, ஒரு வாத்தை நோக்கி முன்காலை நீட்டுகிறதே, அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேலிதான், ஆனால் கூடவே இருப்பவர்கள் செய்யும் கேலி.

முணுமுணுத்தவர்களும் உண்டு. இந்த ஏட்டுக்கு வெகுகாலம் முன்பு, 1125 வாக்கில், பெர்னார்ட் என்ற துறவி மடங்களில் குரங்கும் சிங்கமும் செதுக்குவதைக் கண்டித்து, அபத்தத்துக்கு வெட்கப்படாவிட்டாலும் செலவுக்காவது வெட்கப்படக் கூடாதா என்று எழுதினார். செலவு என்கிறார் பாருங்கள். சலிப்பில் யாரோ ஓரத்தில் கிறுக்கியது என்று இந்த ஓவியங்களைச் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். பதப்படுத்திய தோலில், தங்கம் வைத்து, கைதேர்ந்தவர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இது. பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய இங்கிலாந்தின் கோர்ல்ஸ்டன் ஏட்டில், அது 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கம், முயல்கள் சவ ஊர்வலமே நடத்துகின்றன!

சரி, நம் சோழர் கோயில்களில் பூதவரி பார்த்திருப்பீர்கள், தொந்தியும் முழித்த கண்ணுமாகப் பூதகணங்கள் மத்தளம் கொட்டி ஆடும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தானே உள்ளே போய்க் கும்பிடுகிறோம்?

வாத்துப் புத்தகத்தை இணையத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மகளோடு உட்கார்ந்து புரட்டுங்கள், டிராகன்களும் காட்டு மனிதர்களும் காத்திருக்கிறார்கள்.