ஒரே கெர்னல், வெவ்வேறு விருப்பங்கள்: லினக்ஸ் வழங்கல்கள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் எல்லாவற்றிலும் இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒன்றுதானே? பிறகு ஏன் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததை விட்டு அசைய மறுக்கிறார்கள்?

பதில்: கெர்னலும் க்னோம், கேடிஇ போன்ற திரைச்சூழல்களும் எங்கும் கிடைப்பவை. உங்கள் கணினியில் மாற்றம் எப்போது வரவேண்டும், அதை யார் முடிவு செய்வது என்பதில்தான் வழங்கல்கள் பிரிகின்றன. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனில் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. இடையில் பாதுகாப்புக் குறைகள் திருத்தப்படுமே தவிர, மென்பொருள்கள் பெரும்பாலும் அதே பதிப்பில் நிற்கும். நேற்று ஓடிய ஸ்கிரிப்ட் இன்றும் ஓடவேண்டும் என்று எண்ணும் சர்வர் நிர்வாகிக்கு அதுவே நிம்மதி. ஆர்ச்சில் பதிப்பு என்பதே கிடையாது. புதியவை தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரும் ஃபெடோரா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கேள்வி: புதியவருக்கு எது ஏற்றது?

பதில்: உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்ட்.

கேள்வி: ஆர்ச்சில் ஒரே ஒரு மென்பொருளைத்தான் நிறுவினேன், அதன்பின் வேறு சில திறக்கவே இல்லை. ஏன்?

பதில்: மென்பொருள் பொதிகளின் பட்டியலை மட்டும் புதுப்பித்துவிட்டு, மற்றவற்றை மேம்படுத்தாமல் நிறுவியிருப்பீர்கள். புதிய மென்பொருள் தன்னோடு ஐசியு போன்ற ஒரு நூலகத்தின் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பின்) புதிய பதிப்பையும் இழுத்து வந்திருக்கும். பழைய பதிப்பு எண்ணுள்ள கோப்பைத் தேடும் மற்ற மென்பொருள்கள், அது நீங்கிவிட்டதால் தொடங்க முடியாமல் நின்றுவிடும். ஆர்ச்சில் மேம்படுத்தினால் முழுவதையும் மேம்படுத்த வேண்டும். அதற்கு முன் காப்புப் பிரதி எடுங்கள்.

கேள்வி: டெபியனில் உபுண்டுவுக்கெனத் தனிநபர்கள் நடத்தும் பிபிஏ மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்க்கலாமா?

பதில்: கூடாது. அவை வேறு நூலகப் பதிப்புகளுக்காகத் தொகுக்கப்பட்டவை. புதிய பதிப்பு தேவையென்றால் நிலைத்த பதிப்புக்கெனப் புதிய மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் டெபியனின் பேக்போர்ட்ஸையோ, எந்த வழங்கலிலும் இயங்கும் ஃபிளாட்பாக் பொதிமுறையையோ நாடுங்கள்.

கேள்வி: பழைய மடிக்கணினி, புதியவர். எது நல்லது?

பதில்: மேலே சொன்னதுதான், எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழலுடன் கூடிய மின்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டுவை உருவாக்கும் கனோனிகல் நிறுவனத்தின் ஸ்னாப் பொதிமுறையை மின்ட் 2020இல் தடுத்தது வெறும் பிடிவாதம் அல்லவா?

பதில்: அல்ல. குரோமியம் உலாவியை வழக்கமான ஏப்ட் நிறுவு கட்டளை வழியாக நிறுவச் சொன்னால், உபுண்டு சத்தமின்றி ஸ்னாப்பை நிறுவியது, 22.04 பதிப்பு முதல் ஃபயர்ஃபாக்ஸுக்கும் அதே நிலைதான். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று என்பதே மின்ட்டின் மனக்குறை.

மறுப்பு: ஃபயர்ஃபாக்ஸின் ஸ்னாப்பை மொசில்லாவே வெளியிடுகிறது, தானாக நடக்கும் புதுப்பிப்பைக் காலவரையின்றி நிறுத்திவைக்கவும் இப்போது வழி உண்டு. இன்னும் என்ன குறை?

பதில்: இரண்டும் உண்மை, அந்த வசதி வந்ததை நானும் வரவேற்கிறேன். ஆனால் ஃபிளாட்பாக்குக்கு எவரும் தமக்கென ஒரு களஞ்சியம் நடத்தலாம். ஸ்னாப் கடையை நடத்துவது கனோனிகல் மட்டுமே, அதன் சர்வர் நிரலும் திறந்ததன்று. தன் கணினியில் நுழைவது எது என்பதைத் தானே தீர்மானிக்க விரும்பி லினக்ஸுக்கு வந்தவருக்கு இது சிறிய விஷயமாக இருக்க முடியாது.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகை எதில் நன்றாக இயங்கும்?

பதில்: தட்டச்சு உள்ளீட்டுக் கருவிகளான ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவினால் முன்னணி வழங்கல்கள் எல்லாவற்றிலும் இயங்கும்.

கேள்வி: மொத்தத்தில் எது சிறந்தது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: உபுண்டுவிலிருந்து டெபியனுக்கு மாறுகிறேன். வன்தட்டின் தனிப் பகிர்வில் உள்ள, என் கோப்புகள் அடங்கிய ஹோம் கோப்புறையை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். நிறுவும்போது பகிர்வுகளைக் கைமுறையாகத் தேர்ந்து, ஹோம் பகிர்வை ஃபார்மட் செய்யாமல் விடுங்கள். உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸின் புத்தகக்குறிகள் ஸ்னாப் கோப்புறைக்குள் இருப்பதால், டெபியனின் ஃபயர்ஃபாக்ஸ் அவற்றைத் தானாகக் கண்டுகொள்ளாது. மேலும் டெபியனில் இருப்பது நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால், புதிய பதிப்பின் பயனர் தரவை நேரடியாகத் திறக்கவும் மறுக்கலாம். ஆகவே புத்தகக்குறிகளை முன்னதாகவே தனிக் கோப்பாக ஏற்றுமதி செய்து, ஹோம் முழுவதையும் வெளி வன்தட்டில் படியெடுத்த பிறகு தொடங்குங்கள்.