மூணு வாரம் ஆச்சு, பிபி மாத்திரைய நிறுத்திடலாமா?

கேள்வி: எட்டாம் மாசம் பிபி ஏறிடுச்சு, சுகரும் இருந்துச்சு, சிசேரியன் பண்ணாங்க. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பிபி நார்மல்தான், ஆனா அஞ்சாவது நாள் 150/96 வந்து மாத்திரை குடுத்தாங்க. இப்ப மூணு வாரம், 120/80 காட்டுது. பால் குடுக்குறதால மாத்திரைய நிறுத்திடலாம்னு பார்க்குறேன். ஆறாவது வாரம் செக்கப்புக்கு கண்டிப்பா போகணுமா?

பதில்: நிறுத்தாதீங்க, அந்த 120/80 மாத்திரை போடுறதாலகூட இருக்கலாம். ரீடிங் எல்லாத்தையும் எழுதிட்டு போய் காட்டுங்க, டாக்டரே டோஸ கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாங்க. லேபட்டலால், நிஃபெடிபின், எனலாபிரில் இதெல்லாம் பால் குடுக்குறவங்களுக்கே வழக்கமா எழுதுற மாத்திரைங்கதான், உங்களுது எதுன்னு சீட்டுல பார்த்துக்கோங்க. குழந்தை வெளிய வந்துட்டா பிபியும் போயிடும்னு நிறைய பேர் நினைக்குறாங்க, ஆனா உடம்புல தேங்குன நீர் திரும்ப ரத்தத்துக்குள்ள வர்றதால மூணுலேர்ந்து ஆறாவது நாளுக்குள்ளதான் பிபி உச்சத்துக்கு போகும், அதுக்குள்ள பலரை வீட்டுக்கு அனுப்பிடுறாங்க!

அளக்குறப்ப அஞ்சு நிமிஷம் சாய்ஞ்சு உக்காந்து, கைய நெஞ்சு மட்டத்துல வச்சு, பேசாம அளங்க. குழந்தைய மடியில வச்சுக்கிட்டு அளந்தா அந்த நம்பர நம்ப முடியாது. 160/110 வந்தாலோ, விடாத தலைவலி, கண்ணு மங்குறது, வலது பக்க மேல் வயித்து வலி, மூச்சு வாங்குறது இதுல ஏதாவது ஒண்ணு வந்தாலோ தூக்கம் இல்லாததாலன்னு விட்டுடாதீங்க, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரி போங்க, வலிப்பு வரைக்கும் போகலாம். குழந்தை பொறந்து ஆறு வாரம் வரைக்கும் இந்த ஆபத்து இருக்கு.

செக்கப்ப விட்டுடாதீங்கன்னு சொல்றதுக்கு சுகரும் ஒரு காரணம். 4லேர்ந்து 12 வாரத்துக்குள்ள, வெறும் வயித்துல ஒரு தடவ, 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ ரத்தம் எடுப்பாங்க. மூணு மாச சராசரி டெஸ்ட் இந்த நேரத்துல சரியா காட்டாது. நார்மல்னு வந்தாலும் ஒண்ணுலேர்ந்து மூணு வருஷத்துக்கு ஒரு தடவ பார்த்துக்கணும், ஏன்னா பின்னாடி சுகர் வர வாய்ப்பு மத்தவங்கள விட உங்களுக்கு அதிகம்.

கேள்வி: போன பிரசவத்துல பிபியால ரொம்ப கஷ்டப்பட்டேன். ரெண்டாவது குழந்தைக்கு பயமா இருக்கு.

பதில்: மறுபடி வரலாம், எல்லாருக்கும் வரும்னு இல்ல. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியோட போங்க. சின்ன டோஸ் ஆஸ்பிரின் 12வது வாரத்துக்கு மேல, 16க்குள்ள ஆரம்பிச்சாதான் நல்ல பலன், அஞ்சாம் மாசம் போய் நின்னா அந்த நேரம் தாண்டியிருக்கும். நீங்களா வாங்கி போட்டுக்காதீங்க.