ஒரே ஐ.சி.யூ.வில் மூன்று பேருக்கு மெரோபெனெம் என்ற வலிய அன்டிபயோட்டிக்குக்கும் அடங்காத கிளெப்சியெல்லா பக்டீரியா. அதன் ஜீனோமை, அதாவது முழு டி.என்.ஏ. எழுத்துத் தொடரை, வாசித்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியதா என்று தெரியுமா?

கேட்டவர் யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூடத் துறையில் படிக்கிறார். பத்து நாளுக்குள் மூன்று நோயாளர், மூவரின் ஏ.பி.எஸ்.டி.யும் (பக்டீரியா எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனை) ஒரே மாதிரி என்று எழுதியிருக்கிறார்.

தெரியும். ஆனால் கட்டில் பதிவேடு பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். ஏ.பி.எஸ்.டி. ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். மெரோபெனெம் போன்ற மருந்துகளை எதிர்க்க உதவும் என்.டி.எம்., ஓக்ஸா-48 வகை மரபணுக்கள் தெற்காசியாவில் பரவலானவை. ஒன்றுக்கொன்று உறவேயில்லாத மூன்று கிளெப்சியெல்லாவும் அதே 'ஆர்' (மருந்துக்கு அடங்காதது) வரிசையைக் காட்டலாம்.

முதல் வேலை, வளர்ப்புத் தட்டுகளை எறியவிடாமல் தடுப்பது. அறிக்கை போனதும் வளர்ப்பு கிருமி கொல்லும் ஓட்டோகிளேவுக்குள் போய்விட்டால் பிறகு எந்த இயந்திரம் வந்தும் பயனில்லை. ஒரு தனிக் கொலனியை எடுத்து மறுபடி கோடிழுத்து வளர்த்து, 20 வீதக் கிளிசரோலில் −80 பாகையில் வையுங்கள். குப்பியில் திகதி, மாதிரி வகை, கட்டில் இலக்கம் மூன்றும் இருக்க வேண்டும்.

டி.என்.ஏ. பிரிக்கும்போது பக்டீரியாவை அள்ளிப் போடுவதுதான் வழக்கமான பிழை. கிளெப்சியெல்லாவின் சளி உறை கரைசலைக் கொழகொழவென்று ஆக்கி, டி.என்.ஏ.யைப் பிடிக்கும் வடிகுழாயை அடைத்துவிடும். டி.என்.ஏ. அளவைக் கியூபிட் கருவியில் பாருங்கள்; நனோட்ரொப் கருவி ஆர்.என்.ஏ.யையும் சேர்த்து எண்ணி ஏமாற்றும். இதன் ஜீனோம் ஏறத்தாழ 5.5 மில்லியன் எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் சராசரி 50 தடவை வாசிக்கப்பட, மாதிரிக்கு 275 மில்லியன் எழுத்து வேண்டும். வாசித்த துண்டுகளைக் கோர்த்தபின் நீளம் 6.5 மில்லியனைத் தாண்டினால் இரண்டு பக்டீரியா கலந்திருக்கலாம். தனிக் கொலனியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். மினயன் என்ற சிறு வாசிப்பு இயந்திரத்தில் ஓட்டுவதென்றால், மின்வெட்டைத் தாங்கும் யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மூன்று ஜீனோமையும் ஒப்பிடுவதற்கு ஸ்னிப்பி என்ற மென்பொருள் போதும். மேற்கோள் ஜீனோமாக (மற்றவற்றை ஒப்பிடும் அளவுகோலாக) தூரத்து இனத்தை எடுத்தால் பொதுப் பகுதி சுருங்கி, உள்ள வித்தியாசங்களும் மறைந்துபோகும். மூன்றில் ஒன்றையே நன்றாகக் கோர்த்து மேற்கோளாக வைப்பது நல்லது. வெளியிலிருந்து மொத்தமாக வந்து சேர்ந்த துண்டுகளைக் கபின்ஸ் என்ற மென்பொருளால் கழியுங்கள். 20 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் பரவல் என்று சந்தேகிக்கலாம். நூற்றுக்கணக்கில் என்றால் அண்மையில் தொற்றியதல்ல. இந்த 20 ஒரு வழிகாட்டி, சட்டமல்ல. 4 எழுத்தே வேறுபட்டாலும் இருவரும் ஒரே விடுதியில், ஒரே காலத்தில் இருக்கவில்லையென்றால் இடையில் இன்னொருவரோ ஒரு கருவியோ இருக்கிறது.

2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவன வைத்தியசாலையில் இதுதான் நடந்தது. முதல் நோயாளி வெளியேறி மூன்று கிழமைக்குப் பிறகே அடுத்தவர் தென்பட்டார். மொத்தம் 18 பேர். கண்டுபிடிக்கப்பட்ட ஒழுங்கும் தொற்றிய ஒழுங்கும் வேறு என்று ஜீனோம் காட்டியது. குடலில் சத்தமில்லாமல் சுமந்தவர்கள் இடையில் இருந்தார்கள். ஆகவே உங்கள் மூவரோடு நிற்காமல், அந்த விடுதியில் உள்ள எல்லோருக்கும் மலவாய் சுவாப் எடுக்க வேண்டும்.

கூடுதலாகத் தவறவிடப்படுவது பிளாஸ்மிட், அதாவது பக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் சிறு டி.என்.ஏ. வட்டம். எதிர்ப்பு மரபணு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அது ஒரு கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலை என்ற வேறு பக்டீரியாவுக்கும் தாவும். அப்போது மூன்று ஜீனோமும் தூரமாகத் தெரியும், "பரவலில்லை" என்று கோப்பை மூடிவிடுவார்கள். டி.என்.ஏ.யைச் சிறு துண்டுகளாக வாசிக்கும் குறுவாசிப்பில் ஒரே மாதிரி மீளும் துண்டுகளில் கோர்வை அறுந்துபோவதால் பிளாஸ்மிட்டை முழு வட்டமாகப் பார்க்க முடியாது. மூன்றிலும் அதே என்.டி.எம். வந்தால் நீண்ட துண்டுகளாக வாசிக்கும் நீள்வாசிப்பும் செய்து பிளாஸ்மிட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

அவை ஒன்றானால் கைகழுவும் தொட்டிகளைச் சந்தேகியுங்கள். வடிகாலின் வழுவழுப்புப் படலத்தில் பக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டைக் கைமாற்றிக்கொள்ளும். எங்கள் சுண்ணாம்புத் தண்ணீர் படியவிடும் காரையும் அந்தப் படலம் ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கும். சுவாப்பைத் தொட்டியின் விளிம்பில் தடவாமல் வடிகாலுக்குள் விட்டு எடுங்கள்.

வளர்ப்பிலிருந்து முடிவு வரை நாலைந்து நாளாகும். நோயாளரைத் தனிமைப்படுத்துவதும் கை சுத்தமும் முதல் நாளே தொடங்க வேண்டும், முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது.