பெட்டகத்து ஆங்கிலம்: செட்டிநாட்டு வீடுகளின் பழைய கடிதம், பத்திரம், கணக்குகளில் வரும் சொற்கள் பற்றி வாசகர் கேள்வி-பதில்

கேள்வி (கானாடுகாத்தான்): ஐயா காலத்து ரங்கூன் கடைக் கடிதம் ஒன்று “யுவர் ஃபேவர் ஆஃப் த 28த் அல்ட். டு ஹேண்ட்” என்று தொடங்குகிறது. யார் யாருக்கு என்ன உதவி செய்தார்கள்?

பதில்: உதவி எதுவும் இல்லை. பழைய வணிகக் கடிதங்களில் ‘ஃபேவர்’ என்றால் கடிதம். ‘டு ஹேண்ட்’ என்றால் வந்து சேர்ந்தது. ‘அல்ட்.’ என்பது ‘அல்டிமோ’வின் சுருக்கம், அதாவது போன மாதம். “போன மாதம் 28ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது”, அவ்வளவுதான். ‘இன்ஸ்ட்.’ நடப்பு மாதம், ‘ப்ராக்ஸ்.’ வரும் மாதம். ‘இன்ஸ்டன்ட்’ என்பதை ‘உடனே’ என்று படித்துவிட்டு, எதிராளி கெடு வைத்து நெருக்கினான் என்று கதை கட்டுகிறவர்களும் உண்டு.

மாதத்தைக் கடிதத்தின் தலையில் உள்ள தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். 1931 ஜனவரி 4 தேதியிட்ட கடிதத்தில் ‘28 அல்ட்.’ என்று இருந்தால் அது 1930 டிசம்பர் 28. கட்டுகளை ஆண்டுவாரியாகப் பிரித்துவிட்டு ஜோடிக் கடிதத்தைக் காணோம் என்று தேடுவது இந்த இடத்தில்தான். அதே கடிதங்களில் “வீ பெக் டு அட்வைஸ்” என்றும் வரும். கெஞ்சலுமில்லை, புத்திமதியுமில்லை, ‘தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று பொருள்.

கேள்வி (தேவகோட்டை): பர்மா நிலப் பத்திரம் ‘திஸ் இன்டென்ச்சர்’ என்று ஆரம்பிக்கிறது. எங்கள் ஆட்கள் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களா? ‘மார்ட்கேஜி’ என்று எங்கள் விலாசம் (தொழில் பெயர்) இருக்கிறது. அவ்வளவு கடன் பட்டிருந்தார்களா?

பதில்: இரண்டுமே இல்லை. ‘இன்டென்ச்சர்’ என்பது இரு தரப்புக்கும் இடையிலான பத்திரத்துக்குப் பொதுப்பெயர். பழங்கால இங்கிலாந்தில் ஒரே தோலில் இரண்டு படிகள் எழுதி, நடுவே பல் பல்லாக வெட்டி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். பல் பொருந்தாவிட்டால் போலி. வெட்டும் வழக்கம் போய்ப் பெயர் மட்டும் நின்றது. தோட்டக் கூலி ஒப்பந்தத்துக்கும் இதே சொல் வருவதால்தான் குழப்பம்.

‘மார்ட்கேஜார்’ சொத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியவர், ‘மார்ட்கேஜி’ கடன் கொடுத்தவர். வங்கியில் வீட்டுக்கடன் எடுத்துப் பழகிய நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர்கள் பத்திரங்களில் பெரும்பாலும் இரண்டாவது இடத்தில்தான் இருப்பார்கள். ‘மெஸ்ஸுவேஜ்’ என்று கண்டால் வீடும் அதைச் சேர்ந்த கொட்டகை, முற்றம், சுற்று நிலமும். ‘மொய்ட்டி’ என்றால் பத்திரத்தில் சரிபாதி. ‘அன்டிவைடட் மொய்ட்டி’ பிரிக்கப்படாத பாதிப் பங்கு. எந்தப் பக்கத்துப் பாதி என்று அதில் தேட வேண்டாம்.

கேள்வி (பள்ளத்தூர்): பினாங்கு கணக்கில் “12 பிக்கல் 40 கட்டி” என்று ஒரு வரி. கிலோவில் எவ்வளவு?

பதில்: 100 கட்டி ஒரு பிக்கல். மலாயாவில் ஆங்கிலேயர் கணக்குப்படி ஒரு கட்டி ஒன்றேகால் அல்ல, ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும் பவுண்டு, 604.8 கிராம். பிக்கலுக்கு 60.48 கிலோ. உங்கள் வரி 12.4 பிக்கல், ஏறக்குறைய 750 கிலோ. இணையத்தில் தேடினால் 500 கிராம் என்றும் 600 கிராம் என்றும் வரும். முன்னது இன்றைய சீனாவின் கட்டி, பின்னது தைவானுடையது. 500 போட்டால் உங்கள் சரக்கில் 130 கிலோ காணாமல் போகும்.

கேள்வி (புதுவயல்): ரங்கூன் துறைமுகச் செலவில் ‘லைட்டர் ஹயர்’. விளக்குக்கு வாடகையா?

பதில்: படகுக்கு. கப்பலிலிருந்து கரைக்குச் சரக்கு மாற்றும் தட்டையான படகு ‘லைட்டர்’.

கேள்வி (காரைக்குடி): முற்றம் வைத்த பழைய வளவு வீட்டைத் தங்கும் விடுதியாக்கி இருக்கிறோம். ஆங்கிலப் பலகையில், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை ‘என்காஸ்டிக் டைல்’ என்று போடலாமா?

பதில்: போடாதீர்கள். ‘என்காஸ்டிக்’ என்பதன் கிரேக்க வேர் ‘சுட்டுப் பதித்தது’. வேறு வேறு நிறக் களிமண்ணைப் பதித்துச் சூளையில் சுடும் ஓடு அது. இங்கிலாந்தின் மின்டன் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பழைய முறைக்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஆத்தங்குடிக் கல்லுக்குச் சூளையே கிடையாது. கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணல்-சிமென்ட் தூவி, ஈரக் கலவையால் மூடுகிறார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியை எடுத்தால், அதன் வழவழப்புத்தான் கல்லின் பளபளப்பு. ஏற்றுமதிக்காரர்கள் ‘என்காஸ்டிக் சிமென்ட் டைல்’ என்று தளர்வாகச் சொல்வதுண்டு. ‘ஹேண்ட்மேட் சிமென்ட் டைல்’ என்று போட்டாலே போதும், பொய்யில்லை.

பெயரில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். சுட்ட ஓடு என்று நம்பி ஆசிட் ஊற்றிக் கழுவினால் சிமென்ட் கரைந்து நிறம் வெளுக்கும். ஈரத்துணியும் எப்போதாவது சில சொட்டுத் தேங்காய் எண்ணெயும் போதும். முகப்புச் சுவரில் புடைப்புப் பூவோடு மின்னுகிறதே, அது வேறு: மெருகு பூசிச் சுட்ட ‘மஜோலிக்கா’.

கேள்வி (கண்டனூர்): பழைய பில்லில் “2 குயர் ஃபூல்ஸ்கேப்” என்றால்?

பதில்: குயர் நம் தஸ்தா, 24 தாள், ஆக 48. ஃபூல்ஸ்கேப் முழுத்தாள் 13½க்கு 17 அங்குலம், மடித்தால் 8½க்கு 13½. கோமாளிக் குல்லா தாளின் நீரோட்டக் குறியாக (வாட்டர்மார்க்) இருந்ததால் அந்தப் பெயர். ஏ4 உறையில் அடங்காது. திணித்தால் விளிம்பு உடையும்.

கேள்வி (தேவகோட்டை, இன்னொருவர்): பத்திரத்தில் ‘ரெலிக்ட்’ என்றால்?

பதில்: கணவரை இழந்தவர். பெயரோடு வந்தால் உங்கள் பத்திரப் பட்டியலில் அந்த அம்மாள் பெயரிலேயே பதியுங்கள். பின்னால் வரும் ஆண் பெயர் காலமான கணவருடையது, பத்திரத்தில் கையெழுத்திட்டவர் அவரல்ல.