போன காரிலேயே திரும்பி வரவேண்டும்: டிராக் டே கேள்வி–பதில்

சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்குத்தான் டிராக் டே என்று பெயர். கன்னியாகுமரி மாவட்டத்தில் பந்தயத் தடம் எதுவும் கிடையாது. கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அதைவிட்டால் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கி.மீ. நீளமுள்ள தடம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து அதற்கு ஏறத்தாழ 700 கி.மீ. போகவேண்டும். நம்மில் பெரும்பாலோர் காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதில்லை. ஓட்டிக்கொண்டு போய், தடத்தில் ஓட்டி, அதே காரில் மறுநாள் வேலைக்குத் திரும்புகிறோம். கீழே உள்ள பதில்கள் அனைத்தும் அந்தக் கணக்கை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை.

“என்னிடம் 2014-ஆம் ஆண்டு பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. ஒன்றரை லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர், இசியூ ரீமேப் (எஞ்சினை ஆளும் கணினியின் நிரலை மாற்றுவது) ஆகியவற்றில் தொடங்கச் சொல்கிறார்கள். சரிதானா?” – வாசகர், தக்கலை

சரியில்லை. டர்போ இல்லாத சிறிய எஞ்சினில் எக்ஸாஸ்டும் ஃபில்டரும் மாற்றினால் சத்தம் கூடும். குதிரைத்திறன் மூன்றோ நான்கோ கூடினாலே பெரிது. அந்தக் கூடுதலை முதல் முறை தடத்தில் இறங்குபவர் உணரவே மாட்டார். அவர் உணரப்போவது பிரேக்கை.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1050 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 140 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்குக் குறையும்போது வெளியேறும் ஆற்றல், இரண்டு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. வீட்டு அடுப்பில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். உங்கள் காரோ இரண்டு மூன்று வினாடிக்குள் அதைச் செய்து முடிக்கிறது, அந்த வெப்பத்தின் பெரும்பங்கு முன்சக்கரத்து இரண்டு டிஸ்குகளுக்குள் போகிறது, அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. வடசேரியிலிருந்து தக்கலைக்கு வந்துபோகும் காருக்கு இப்படி ஒரு வேலையை யாரும் கொடுத்ததில்லை.

ஆகவே புதிய பிரேக் ஆயில், அதிக வெப்பம் தாங்கும் முன்பக்க பிரேக் பேட், புதிய எஞ்சின் ஆயில், வீல் அலைன்மென்ட் ஆகிய நான்கையும் முதலில் செய்யுங்கள். பத்தாண்டு கடந்த கார் என்பதால் பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், வீல் பேரிங், எஞ்சின் மவுண்ட் ஆகியவற்றையும் ஜாக்கியில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். புஷ் எனும் ரப்பர் உறை வெடித்திருந்தால் எந்த அலைன்மென்டும் நிலைக்காது. மீதிப் பணத்தை நுழைவுக் கட்டணத்துக்கும், பெட்ரோலுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஒரு பயிற்றுநருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். காரில் என்ன குறை என்பதை முதல் நாள் ஓட்டமே உங்களுக்குச் சொல்லிவிடும். அதன் பிறகு வாங்குகிற பொருள் வீணாகாது.

“ஐந்தாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சுபோல் ஆகிவிட்டது. ஊருக்கு வந்து பேட் மாற்றினேன். அடுத்த முறையும் அதே கதை.” – வாசகர், குளச்சல்

வெப்பத்தால் பிரேக் தோற்பது இரண்டு வகை. பெடல் கல்லுப்போல் இருக்கிறது, கருகிய நாற்றம் வருகிறது, ஆனால் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பெடல் இளகிக் கீழே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிக் குமிழி உண்டாகியிருக்கிறது. திரவத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்தலாம். உங்கள் கால் அந்த ஆவியைத்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது. உங்களுடையது இரண்டாம் வகை. பேட் மாற்றியதால் அது தீராது.

பெயரில்தான் அது ஆயில். டாட் 3, டாட் 4 ஆகியவை கிளைக்கால் வகைத் திரவங்கள். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் இயல்பு. புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. சுமார் 3.7 விழுக்காடு நீர் கலந்தபின் அந்த எல்லை 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. டாட் 5.1-க்கு இவ்விரு எண்களும் 260, 180. இரண்டு மழைக்காலமும் கடற்காற்றும் உள்ள குளச்சலில் மூன்று வருடம் மாற்றாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். டாட் 5 என்று மட்டும் எழுதியிருப்பது சிலிக்கான் வகை. பெயர் ஒற்றுமையைக் கண்டு அதை இவற்றோடு கலந்துவிடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். “அண்ணாச்சி, ஆயில் மாத்தியாச்சு” என்றார்கள். நேர்பாதை முடிவில் பெடல் தரையைத் தொட்டபோது, கியரைக் குறைத்து, மண்ணில் இறங்கி, எப்படியோ நின்றேன். பிறகு பிட்டில் (தடத்தின் ஓரம் கார்களை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்), பேடை டிஸ்கோடு அழுத்தும் காலிப்பரில் ஆயிலை வெளியே விடுவதற்கு உள்ள நிப்பிளைத் திறந்தால், வந்தது கட்டன்சாயா நிறத்தில் ஒரு திரவம். மேலே டப்பாவில் மட்டும் புதிதை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த வேலையை நான் பக்கத்தில் நின்றுதான் செய்விக்கிறேன். நிப்பிளில் தெளிவான பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலுக்குள் முக்கி, குமிழியும் பழைய நிறமும் நின்று, தேன் நிறத்தில் தெளிவாக வரும்வரை நான்கு சக்கரத்திலும் விடவேண்டும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும். சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள்.

இன்னொன்று: கழற்றிய பழைய பேட்களைத் தூக்கி எறியாமல் கையில் எடுத்துப் பாருங்கள். உள்பக்கத்துப் பேட் தேய்ந்து மெலிந்தும் வெளிப்பக்கத்துப் பேட் தடிமனாகவும் இருந்தால், காலிப்பரை நகரவிடும் ஸ்லைடு பின் இறுகிப்போயிருக்கிறது என்று அர்த்தம். உப்புக் காற்று படும் கார்களில் நான் இதை அடிக்கடி காண்கிறேன். பின்னைக் கழற்றித் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவிப் போட்டால் போதும்.

“எங்கள் தோட்டத்து ரப்பர்தானே டயராகிறது? அப்படியானால் நல்ல பிடிப்புள்ள டயரில் இயற்கை ரப்பர் அதிகம் இருக்குமா? டிராக்கில் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்?” – வாசகர், குலசேகரம்

ரப்பர் விவசாயியிடமிருந்து வரவேண்டிய கேள்விதான். ஆனால் பதில் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். இயற்கை ரப்பரின் சிறப்பு அதன் துள்ளல். வளைத்தால் வாங்கிய ஆற்றலைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுத்துவிடும், ஆகவே உள்ளுக்குள் வெப்பம் குறைவாகவே சேரும். பாரம் சுமக்கும் லாரி டயரிலும் விமான டயரிலும் அதற்கு மதிப்பு அதனால்தான். சாலையைப் பற்றிக்கொள்ள வேண்டிய கார் டயரின் மேல்தோலுக்கோ இதற்கு நேர்மாறான குணம் வேண்டும்: தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளத்தில் அமுங்கி, உடனே துள்ளி எழாமல், ஆற்றலை உள்வாங்கிக்கொள்ள வேண்டும். துள்ளாத ரப்பரே பிடிக்கும். ஆகவே அந்தத் தோலில் செயற்கை ரப்பரும் சிலிக்காவுமே பெரும்பங்கு வகிக்கின்றன. உங்கள் ஷீட் ரப்பர் டயரின் உடற்பகுதியில் உழைக்கிறது.

காற்றைப் பொறுத்தவரை, கதவருகே ஒட்டியுள்ள தாளில் இருப்பது குளிர்ந்த டயருக்கான எண். டயருக்குள் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். நான்கு சுற்று வேகமாக ஓட்டினால் 6 பிஎஸ்ஐ ஏறுவது சாதாரணம். காலையில் தாளில் உள்ளபடி வைத்துக்கொண்டு, டயரின் தோளில், தோலும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சாக்பீஸால் குறுக்கே கோடு போடுங்கள். ஓட்டிவிட்டு வந்ததும் பாருங்கள். கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் காற்று குறைவு, டயர் மடங்குகிறது. தோள்வரை வராமலே நின்றிருந்தால் காற்று அதிகம். எடை குறைந்த, முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர் சூடாக இருக்கையில் 36-ஐ ஒட்டி நிற்கும்படி இறக்குவது என் வழக்கம்.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். சூட்டில் 36-க்கு இறக்கிய டயர் இரவில் ஆறியபின் 30 அல்லது அதற்கும் கீழே நிற்கும். அதே காரில் நான்கு பேரும் பெட்டியும் ஏறி, இரவோடு இரவாகத் தெற்கே 700 கி.மீ. வந்தால், குறைந்த காற்றில் பக்கச்சுவர் வெந்து வெடிக்க எல்லா வாய்ப்பும் உண்டு. புறப்படும்முன் காற்று நிரப்பிக்கொள்ளுங்கள்.

“நண்பர் ஸ்பிரிங்கை ஒன்றரைச் சுற்று வெட்டச் சொல்கிறார். கார் தாழ்ந்தால் வளைவில் நன்றாக நிற்கும் அல்லவா?” – வாசகர், மார்த்தாண்டம்

வெட்டாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் கொஞ்சம் கடினமாகும் என்பது உண்மை. ஆனால் ஷாக் அப்சார்பர் அதற்கேற்ப மாறுவதில்லை, அமுங்குவதற்கான இடமும் குறைந்துவிடுகிறது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையைவிட்டு விலகவும் கூடும். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்தது) உள்ள கார்களில் வேறொரு சங்கடமும் உண்டு. காரின் எடைமையம் இறங்குவதைவிட, கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால், தாழ்த்திய பயனின் ஒரு பகுதியைச் சாய்வே தின்றுவிடுகிறது. காருக்கென்று செய்யப்பட்ட ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடியாகக் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால், கேம்பர் போல்ட் போட்டு முன்சக்கரங்களின் மேற்பக்கத்தை ஒன்றரை டிகிரி உட்புறம் சாய்த்து, டோவை (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) பூச்சியத்துக்கு அருகில் வைத்தாலே, முன்பக்கம் வளைவுக்கு வெளியே வழுக்கிப்போவது நன்றாகக் குறையும். டயரின் உள்விளிம்பு கொஞ்சம் வேகமாகத் தேயும் என்பதே அதற்கான விலை.

“டர்போ பெட்ரோல் போலோவை ரீமேப் செய்திருக்கிறேன். மூன்றாவது சுற்றில் இழுவை குறைந்துவிடுகிறது.” – வாசகர், அஞ்சுகிராமம்

எஞ்சின் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. டர்போ அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் சூடேறிவிட்டால் உள்ளே போகும் காற்றும் சூடாகும், நாக்கிங் (எரிபொருள் நேரந்தவறி வெடிப்பது) வராமலிருக்க இசியூ தீப்பொறி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், இழுவை போய்விடும். ரீமேப்பில் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கூட்டியிருப்பதால் இது இன்னும் சீக்கிரம் நிகழ்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று இருங்காட்டுக்கோட்டையில் அடிப்பதில்லை. காலை நேர ஓட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்று வேகமாக ஓட்டினால் அடுத்த சுற்றை ஆறவிட்டு ஓட்டுங்கள். இதில் நிறைவில்லையென்றால் பெரிய இன்டர்கூலர் வாங்கலாம். பூஸ்ட்டை இன்னும் கூட்டுவது மட்டும் மருந்தாகாது.

எஞ்சின் ஆயிலை அளவுக்கோலின் மேல் குறிவரை வையுங்கள், அதற்கு மேலே போகவேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்போது, அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சிவிடும். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடலோரக் கிணற்று உப்பு உள்ளே படிந்து அடைக்கும்.

“இந்த மாற்றங்கள் சட்டப்படி சரியா? விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?” – சட்டக் கல்லூரி மாணவர், வெட்டூர்ணிமடம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. கேரளத்திலிருந்து போன வழக்கு அது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பிரேக் பேட், பிரேக் ஆயில், அதே அளவுள்ள நல்ல டயர் போன்றவை தேய்ந்ததை மாற்றும் பராமரிப்பு. அவற்றால் பதிவுச் சான்றிதழின் விவரம் மாறுவதில்லை. சத்தம் போடும் எக்ஸாஸ்ட், மாற்று எஞ்சின், அகன்ற சக்கரம் என்று போகப்போக வீடுவந்து சேரும்வரை ஒவ்வொரு சோதனைச் சாவடியும் உங்களுக்குக் கவலைதான்.

இன்சூரன்ஸ் பற்றி மயக்கம் வேண்டாம். தனிநபர் கார் பாலிசிகளில், ஒழுங்கு செய்யப்பட்ட பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் காப்பீடு இல்லை என்று பயன்பாட்டு வரம்பிலேயே எழுதியிருக்கும். தடத்தில் சுவரில் இடித்தால் செலவு உங்களுடையது என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள்.

“நான்கு முனை ஹார்னஸ் பெல்ட் போடலாமா?” – வாசகர், கோட்டார்

உள்ளே ரோல் கேஜும் (கூரை அமுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு) ஹார்னஸுக்கேற்ற இருக்கையும் இல்லாத காரில் போடாதீர்கள். கார் உருண்டு கூரை அமுங்கினால், சாதாரண பெல்ட் உடலைப் பக்கவாட்டில் சாய விடும். ஹார்னஸ் நிமிர்த்தியே பிடித்து வைத்திருக்கும், அமுங்கும் கூரை தலையில்தான் இறங்கும். ஹெல்மெட் வாங்கும்போது ஸ்னெல் என்ற தரச்சோதனை அமைப்பின் எஸ்ஏ முத்திரையைப் பாருங்கள். அது தீ தாங்கும் சோதனையையும் கடந்தது. எம் முத்திரை பைக்குக்கானது. உடை பருத்தியாக இருக்கட்டும்.

“மகன் இரவில் நான்குவழிச் சாலையில் பழகிக்கொள்கிறேன் என்கிறான். தடுப்பதா, விடுவதா?” – ஒரு தந்தை, திங்கள்சந்தை

தடுத்துவிடுங்கள், ஐயா. பொதுச்சாலையில் வேகப்போட்டி 189-ஆம் பிரிவின்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அங்கே எதிரே வருபவருக்கு இவன் பழகுவது தெரியாது. செட்டிப்பாளையத்துக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் முழுக்கத் தடத்தில் ஓட்டிய பிள்ளைக்கு ஊர்ச்சாலையில் முடுக்கும் ஆசை பெரும்பாலும் அடங்கிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

“ஓட்டி முடித்ததும் உடனே ஊருக்குக் கிளம்பலாமா?” – வாசகர், அருமனை

கிளம்பாதீர்கள். கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கவேண்டாம். கொதிக்கும் டிரம்மிலோ டிஸ்கிலோ லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுங்கள். அரை மணி நேரம் ஆறியபின் ஆயில் அளவு, பிரேக் பேடின் தடிமன், டயரின் உள்விளிம்பு ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். வீல் நட்டுகளைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். சூடாக இருக்கையில் முடுக்கியவை ஆறியபின் இளகியிருக்கலாம் என்பதால், வழியில் முதல் டீக்கடையில் நிறுத்தும்போது இன்னொரு முறையும் பாருங்கள்.