விபத்தில் கால் முறிந்தால் எதிர் வண்டியின் இன்ஷூரன்ஸில் இழப்பீடு வாங்குவது எப்படி?

கேள்வி: அண்ணனின் பைக்கில் கார் மோதி கால் முறிந்துவிட்டது. கார்காரர் "கேஸெல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவைத் தந்துவிடுகிறேன்" என்கிறார். அவருடைய இன்ஷூரன்ஸில் கிளைம் பண்ணலாமா?

பண்ணலாம், பண்ணவும் வேண்டும். கார்காரர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் தரச் சம்மதிப்பது இன்றைய பில்லுக்கு மட்டும்தான். பிளேட்டை எடுக்க இன்னோர் ஆபரேஷன், வேலைக்குப் போக முடியாத மாதங்கள், கால் பழையபடி மடங்காமல் போனால் வாழ்நாள் முழுக்க வரும் நஷ்டம், இதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு சொல்வதே இதற்காகத்தான். பாலிசி நடப்பில் இருந்தால் பணம் தரப்போவது கம்பெனி. அதை அவருக்கும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். பாதிப் பேர் அது தெரியாமல்தான் பதறுகிறார்கள்.

முதல் வேலை, ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர், அதாவது காயம் எப்படி ஏற்பட்டது என்று டாக்டர் எழுதும் பதிவு) காப்பி வாங்கிப் படிப்பது. என் தம்பி டைல்ஸ் பதிக்கிறவன். வேன் இடித்து வலது முழங்காலுக்குக் கீழே முறிவு. கொண்டுவந்து சேர்த்தவர் யாரோ ஒரு வழிப்போக்கர், "பைக்கிலிருந்து விழுந்துட்டாருங்க" என்று சொல்லியிருக்கிறார். டூட்டி டாக்டர் அப்படியே ஸ்கிட் ஆகி விழுந்ததாக எழுதிவிட்டார். பிறகு கோர்ட்டில் இன்ஷூரன்ஸ் வக்கீல் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான். தானாக விழுந்துவிட்டு, இன்ஷூரன்ஸ் உள்ள வேனாகப் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள் என்று வாதம். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்ததும், வேனின் முன்பக்கச் சேதத்தை மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில் குறித்திருந்ததும்தான் காப்பாற்றின. அதனால் ஏ.ஆரில் எந்த வண்டி, எப்படி மோதியது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எஃப்.ஐ.ஆரிலாவது வண்டி நம்பரோடு தெளிவாக இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையும் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடமிருக்கிறது. இருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவில் நீங்களே மனு போடுங்கள். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். சென்னையில் சிறு வழக்குகள் நீதிமன்றம், மற்ற ஊர்களில் அங்கங்கே தீர்ப்பாயமாகச் செயல்படும் நீதிமன்றம். கோர்ட் வட்டாரத்தில் எம்.சி.ஓ.பி. (மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு) என்றாலே புரிந்துகொள்வார்கள்.

தொகை பெரிதாவதும் சுருங்குவதும் ஊனச் சதவீதத்தில்தான். மெடிக்கல் போர்டு 30 சதவீதம் என்று சொன்னால் சம்பாத்தியத்திலும் 30 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. காலில் எவ்வளவு ஊனம் என்பது வேறு, அதனால் பிழைப்பு எவ்வளவு கெட்டது என்பது வேறு என்று 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு அதே முறிவு பெரிய இழப்பாக இல்லாமல் போகலாம். என் தம்பிக்குக் குத்துக்காலிட்டு உட்கார முடியாது. அந்தத் தொழிலில் உட்கார முடியாவிட்டால் வேலையே இல்லை. இதை மனுவிலும் சாட்சியத்திலும் அழுத்திச் சொல்லாவிட்டால், சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கி முடித்துவிடுவதும் உண்டு. சம்பாத்திய இழப்பு நிரூபணமானால் வருட வருமானத்தை வயதுக்கான பெருக்கு எண்ணால் பெருக்கி, அதில் இழப்புச் சதவீதத்தை எடுப்பார்கள். 26 முதல் 30 வயதுவரை அந்த எண் 17. சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் மேஸ்திரியையோ முதலாளியையோ சாட்சியாகக் கூப்பிடலாம்.

யார் மீது தப்பு என்றே பார்க்காமல் 164-வது பிரிவில் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கிடைக்கும். சீக்கிரம் வருகிறதே என்று வாங்கிக்கொண்டால் 166 மனு அத்தோடு காலாவதி. எலும்பு கூடி, கால் எந்த அளவுக்கு மடங்குகிறது என்று தெரியும் முன்னால் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது தப்பில்லை, ஆனால் அதுவும் ஊனச் சான்று கைக்கு வந்த பிறகு.

கார்காரரிடம் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தாலும் கலங்க வேண்டாம். பல வழக்குகளில் கம்பெனி முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்றுதான் உத்தரவாகிறது.

அப்புறம், வார்டிலேயே வந்து "நான் பார்த்துக்கறேன் சார்" என்று நிற்கும் ஏஜென்ட்டுகள். வக்கீலை நேரில் பார்த்து ஃபீஸ் பேசி, அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுப் பேப்பரிலோ செக்கிலோ கையெழுத்துக் கேட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்.